இணையம் யாருக்காக வந்தது? எட்டு நிறுவனங்களில் தொடங்கி நம் வீடு வரை

 

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு சகோதரர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "அஜரத், மக அரசு காலேஜில எம்.ஏ. சேர்ந்திருக்கா. ப்ராஜெக்ட் எழுதணும், நெட்டோட ஒரு போன் வேணும்ங்கறா. இந்த நெட்டெல்லாம் நம்ம பிள்ளைகளைக் கெடுக்கறதுக்குன்னே வந்ததுதானே? வேணாம்னு சொல்லிட்டேன். நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்ற ஒரு சொல்லை அவர் எதிர்பார்த்தார். நான் உடனே சொல்லவில்லை. "அடுத்த வாரம் பேசுவோம் பாய்" என்று அனுப்பிவிட்டேன். அவருடைய கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. மகளுக்குப் போன் கொடுக்கலாமா என்பது ஒன்று. இணையம் எதற்காக வந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு வரலாறு தெரிய வேண்டும். அது தெரிந்தால் முதல் கேள்விக்கான பதில் எளிதாகிவிடும். அந்த வரலாறு நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஹதீஸுக்காக ஒரு மாதப் பயணம்

நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஒரு மாத காலம் பயணம் செய்து அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் போனார்கள். இமாம் புகாரி (ரஹ்) தமது நூலின் கல்வி பற்றிய பாடத்தில் இதைக் குறிப்பிடுகிறார்கள். மதரஸாவில் இதை ஓதும்போது, கல்விக்காக எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்று வியப்போம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தெரிந்தவர் ஓரிடத்திலும் தேடுபவர் வேறிடத்திலும் இருந்தார்கள். இடையில் இருந்த தூரம்தான் தடை.

இணையம் பிறந்ததும் ஏறக்குறைய இதே தடையை நீக்கத்தான். 1969-இல் அமெரிக்காவில் அரசுப் பணத்தில் 'ஆர்ப்பாநெட்' என்ற வலையமைப்பு தொடங்கியது. அதில் முதலில் இணைந்தவை பல்கலைக்கழகக் கணினிகளும் ஆய்வு நிறுவனக் கணினிகளும். ஓர் ஊரில் இருக்கும் கணினியை வேறு ஊரில் இருக்கும் ஆய்வாளரும் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். சினிமாவும் விளையாட்டும் விளம்பரமும் அதற்குள் நுழைந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

1986: எட்டு நிறுவனங்கள்

1985 செப்டம்பரில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த ஆண்டு, 1986-இல், இந்தியாவின் முதல் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கியது. அதன் பெயர் எர்நெட். மத்திய அரசின் மின்னணுத் துறை நடத்தியது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் நிதி கொடுத்தது.

அதில் சேர்ந்த நிறுவனங்கள் எட்டு. டெல்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், மெட்ராஸ் ஆகிய ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டெல்லியில் மின்னணுத் துறை. பம்பாய் மையத்தை வழிநடத்திய டாக்டர் சீனிவாசன் ரமணி இந்த முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர். 2014-இல் உலக 'இணையப் புகழ் மண்டப'த்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

முதலில் பம்பாய் மையத்துக்கும் அதே நகரின் ஐ.ஐ.டி.க்கும் இடையே மின்னஞ்சல் ஓடியது. இன்று போல எப்போதும் இணைந்திருக்கும் இணைப்பு அல்ல அது. ஒரு கணினி தொலைபேசி வழியாக இன்னொரு கணினியை அழைக்கும். சேர்த்து வைத்திருக்கும் கடிதங்களைக் கொடுக்கும், அங்கே இருப்பதை வாங்கும், இணைப்பைத் துண்டிக்கும். தபால்காரர் பை மாற்றிக்கொண்டு போவது போன்ற ஏற்பாடு. பிறகு ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித ஆய்வு மையத்தோடு இதே முறையில் தொடர்பு ஏற்பட்டது. 1989-இல் அமெரிக்காவுக்கு ஒரு நிரந்தர இணைப்பு வாடகைக்கு எடுக்கப்பட்டது.

அந்த இணைப்பின் வேகம் வினாடிக்கு 9,600 பிட். அதாவது ஒரு வினாடியில் சுமார் 1,200 ஆங்கில எழுத்துகள் போகும். இன்று நம் வீட்டுப் பிள்ளை செல்போனில் எடுக்கும் 3 எம்.பி. அளவுள்ள ஒரு புகைப்படத்தை அந்த வழியில் அனுப்பியிருந்தால், வேறு யாருமே அதைப் பயன்படுத்தாமல் இருந்தால்கூட, 40 நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்த ஒற்றை வழியைத்தான் எர்நெட்டில் இருந்த நிறுவனங்கள் எல்லாம் வெளிநாட்டுத் தொடர்புக்குப் பங்கிட்டுக்கொண்டன. அதனால் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தேவையானதை மட்டும் அனுப்பினார்கள், தேவையானதை மட்டும் கேட்டார்கள்.

சனதும் பழைய மின்னஞ்சலும்

அந்தக் காலத்து மின்னஞ்சலில் ஒரு விஷயம் என் மனதில் பதிந்தது. முகவரியிலேயே வழித்தடத்தை எழுத வேண்டியிருந்தது. கடிதம் முதலில் எந்தக் கணினிக்குப் போக வேண்டும், அங்கிருந்து எதற்கு, பிறகு எதற்கு, கடைசியில் யாருக்கு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நடுவே ஓர் ஆச்சரியக்குறி போடுவார்கள்.

ஹதீஸ் கலை படித்தவருக்கு இதைப் பார்த்ததும் சனது நினைவுக்கு வரும். இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார், அவர் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற சங்கிலி. அந்தச் சங்கிலியில் ஒருவர் யாரென்று தெரியாவிட்டால்கூட முஹத்திஸ்கள் அந்தச் செய்தியை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இன்றைய மின்னஞ்சலிலும் அது கடந்து வந்த கணினிகளின் பட்டியல் உள்ளே பதிந்துதான் இருக்கிறது. நாம் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் 'ஃபார்வர்ட்' ஆகி வருவதற்கு அந்தச் சங்கிலி கிடையாது. யார் எழுதினார், எங்கிருந்து எடுத்தார், எப்போது சொன்னார் என்று எதுவும் தெரியாது. செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. இணையத்தை உருவாக்கியவர்கள் விசாரிப்பதற்கான வழியை வைத்தே உருவாக்கினார்கள். விசாரிக்காமல் பரப்புவது பயன்படுத்துகிற நம்முடைய குறை.

1995 ஆகஸ்ட் 15: காசு கொடுத்தவருக்குக் கதவு திறந்தது

எர்நெட் ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும் உரியது. அரசு அலுவலகங்களுக்கு தேசிய தகவலியல் மையம் 'நிக்நெட்' என்ற வலையமைப்பை அமைத்து, செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைத்தது. பொதுமக்களுக்கு இவை இரண்டிலும் இடமில்லை.

இதற்கிடையே ஐரோப்பாவில் ஒரு பெரிய காரியம் நடந்தது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் செர்ன் என்ற அணு ஆராய்ச்சி மையத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் ஆய்வாளர்கள் தகவலைப் பகிர்ந்துகொள்வதற்காக 'வேர்ல்டு வைடு வெப்' முறையை உருவாக்கியிருந்தார். 1993 ஏப்ரலில் செர்ன் அதை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. பூட்டுப் போட்டு விற்றிருக்கலாம், விற்கவில்லை. பொதுப்பயனுக்காக ஒரு சொத்தை விட்டுக்கொடுப்பதை நாம் வக்ஃப் என்போம். அவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது, செய்த காரியம் அதற்கு நெருக்கமானது.

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் ஆகிய நகரங்களில் முதலில் கிடைத்தது. தனிநபருக்கு 250 மணி நேரத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய். அதில் எழுத்து மட்டும்தான் தெரியும். படங்களோடு பார்க்கும் இணைப்புக்கு 15,000 ரூபாய். அன்று ஒரு பவுன் தங்கம் 4,000 ரூபாய்க்கும் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பாரம் புரியும். கணினியும் மோடமும் வாங்குவது தனிச் செலவு. மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஒரு சலுகை இணைப்பு இருந்தது. ஆனால் பெருநகரத்தில் இருக்கும் மாணவருக்குத்தான் அது உதவும். வெளியூர்க்காரர் பெரும்பாலும் எஸ்.டி.டி. கட்டணம் கொடுத்து அந்த நகரத்தைக் கூப்பிட்டாக வேண்டும்.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் சேவையாளராகக் களமிறங்கியது. விலை இறங்கியது. அதன் பிறகுதான் நம்மைப் போன்ற ஊர்களில் 'பிரவுசிங் சென்டர்' வந்தது.

அந்தக் காலத்தில் நான் மதரஸாவில் ஓதிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தேன். தேர்வு முடிவு பார்க்க ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனது நினைவிருக்கிறது. பிளைவுட் தடுப்பு வைத்த சிறிய அறைகள். உள்ளே முழுக்க இளைஞர்கள். ஒரு பெண்கூட இல்லை. அன்று அது எனக்கு இயல்பாகத் தெரிந்தது. இன்று யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. இணையம் ஊருக்கு வந்துவிட்டது என்று நாம் சொன்ன அந்தப் பத்தாண்டுகளில், நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோருக்கு அது வரவே இல்லை.

நத்தத்துக்கு அடுத்த மேலூரில் நடந்தது

இதற்கு மாற்று உண்டா என்று யோசித்தவர்களும் இருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியது. ஊர் ஊராகக் கம்பி இழுக்காமல், ஒரு கோபுரத்திலிருந்து சுற்றிலும் உள்ள கிராமங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுக்கும் முறை அது. வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்.

2001-இல் நத்தம் பக்கத்தில் இருக்கும் மேலூர் வட்டாரத்தில் இதைக் கொண்டு கிராமக் கணினி மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் அந்தத் திட்டத்தில் இருந்தன. ஒரு கணினி, ஒரு வெப்கேமரா, ஒரு பிரிண்டர். பல மையங்களைக் கிராமத்துப் பெண்களே நடத்தினார்கள். கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சான்றிதழ் விண்ணப்பம் அனுப்பினார்கள்.

ஆனால் சில ஆண்டுகளில் அந்த மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. வருமானம் போதவில்லை. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் சான்றிதழ்ச் சேவை நின்றது. கருவியைக் கொண்டுவந்து வைப்பது ஒரு வேலை. அதைத் தொடர்ந்து பயன்படுத்துமாறு ஒரு சமூகம் பொறுப்பெடுத்துக்கொள்வது வேறு வேலை. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது வீணாகிவிடும். நம் ஜமாஅத்துகளிலும் நன்கொடையில் வாங்கிய கணினிகள் உறை போட்டபடி அலமாரி ஓரத்தில் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

தமிழும் உள்ளே வந்தது

கணினியும் இணைப்பும் மட்டும் போதாது, நம் மொழியில் படிக்க ஏதாவது இருக்க வேண்டும். இதற்கு முன்கை எடுத்தவர்களில் பலர் கடல் கடந்த தமிழர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் ஆய்வாளர் கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அப்படித்தான் இணையத்துக்கு வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு 'தமிழ்99' விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் தமிழ் மின்னூலகத்தை நடத்துகிறது.

ஆராய்ச்சி வலையமைப்பு இப்போது எங்கே இருக்கிறது?

செல்போன் இணையம் பெருகிய பிறகு ஆராய்ச்சி வலையமைப்புகள் மறைந்துவிடவில்லை. 2010-இல் மத்திய அரசு 'தேசிய அறிவு வலையமைப்பு'க்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கியது. பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் மிக வேகமான கண்ணாடி இழைக் கம்பிகளால் இணைப்பது அதன் வேலை. வினாடிக்கு 9,600 பிட்டில் தொடங்கிய பயணம், வினாடிக்குப் பல நூறு கோடி பிட் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

இதன் பயனுக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் நிறுவப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகள் அங்கே இருக்கின்றன. முன்பெல்லாம் அவற்றைப் பார்க்க மலையேற வேண்டும். இப்போது அவை மின்வடிவம் பெற்றுப் பொதுவில் கிடைக்கின்றன. எந்த நாட்டு ஆய்வாளரும் தம் மேசையில் இருந்தே பார்க்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு நேரடியாக உதவுவது இதைவிடப் புதிய ஒன்று. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300 உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களின் மாணவர்களுக்காக 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 1990-இல் சென்னை ஐ.ஐ.டி. மாணவருக்குக்கூட எட்டாத ஆய்விதழ்களை, இன்று அரசுக் கல்லூரியில் படிக்கும் ஒரு ஏழைத் தகப்பனின் மகள் கட்டணமின்றிப் படிக்க வழி இருக்கிறது.

ஆனால் இது அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தானே கேட்பாள்?

தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் மதரஸா மாணவர்களுக்கும் இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தில் இடமில்லை. அவர்களுக்கும் வேறு வாசல்கள் உண்டு. 'ஷோத்கங்கா'வில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பல லட்சம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டெல்' தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் எல்லோருக்கும் பொது. தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கிடைக்கின்றன.

அந்தச் சகோதரருக்குச் சொன்ன பதில்

அடுத்த ஜும்ஆவுக்கு அவர் வந்தார். மதரஸாவில் ஒரு சட்ட விதி படிப்போம்: வழிகளுக்கு, அவை கொண்டு சேர்க்கும் நோக்கங்களின் சட்டமே பொருந்தும். கத்தியால் காய் நறுக்குவதும் கத்தியால் குத்துவதும் ஒன்றல்ல. "இணையம் கெடுக்க வந்தது இல்லை பாய். தூரத்துல இருக்கற கல்வியைப் பக்கத்துல கொண்டுவரத்தான் வந்தது. நடுவுல வியாபாரிகள் வந்து கடை போட்டுட்டாங்க. கடைத்தெருவுல கெட்ட கடை இருக்குன்னு, அந்தத் தெருவுல இருக்கற நூலகத்துக்குப் போற பிள்ளையை நிறுத்தலாமா?" என்று கேட்டேன்.

ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. பண மோசடி, சூதாட்ட விளையாட்டு, ஆபாசம், முகம் தெரியாதவர்களின் பேச்சு எல்லாம் உண்மை. அவற்றில் நம் ஆண் பிள்ளைகள் சிக்குவது குறைவா என்ன? ஆனால் "போன் வேணாம்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் பெண் பிள்ளையிடம்தான். மகனுக்குப் பதினைந்து வயதில் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் இரவு இரண்டு மணி வரை என்ன பார்க்கிறான் என்று கேட்காமல் இருக்கிறோம். கண்காணிப்பு இருவருக்கும் வேண்டும், கல்வியும் இருவருக்கும் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. பதின்ம வயதுப் பிள்ளைகள் கூடத்தில், எல்லோரும் இருக்கும் இடத்தில் போனைப் பார்க்கட்டும். இரவு ஒரு நேரத்துக்கு மேல் எல்லாருடைய போனும், அத்தாவின் போனும் சேர்த்து, ஓரிடத்தில் இருக்கட்டும். வாரத்தில் ஒருநாள் "இந்த வாரம் நெட்டில் என்ன படித்தாய், அதை யார் எழுதியது, எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். சனது கேட்கும் பழக்கம் நம் சமுதாயத்தின் சொத்து. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கல்லூரியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நூலகரிடம் போய், "ஒரே நாடு ஒரே சந்தாவில் நம் கல்லூரி பதிவாகியிருக்கிறதா? ஆய்விதழ்களை எப்படித் திறப்பது? வீட்டிலிருந்தும் படிக்க வழி உண்டா?" என்று கேட்பது. ஜமாஅத் நிர்வாகிகள் விரும்பினால், மஸ்ஜித் வளாகத்தில் ஓர் அறை, இரண்டு கணினி, பெண்களுக்கென்று தனி நேரம், வழிகாட்ட ஒரு பட்டதாரிப் பிள்ளை என்று தொடங்கலாம். மேலூரில் நடந்ததை மறக்காமல், கணினி வாங்குவதற்கு முன்பே அதைத் தொடர்ந்து நடத்தப்போவது யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்தச் சகோதரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தச் சந்தா பேரை ஒரு துண்டுச்சீட்டுல எழுதித் தாங்க அஜரத், மககிட்ட குடுக்கறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு மாதம் பயணித்துத் தேடிப்போன கல்வியின் மதிப்பை உணர்ந்து, நம் ஆண் மக்களும் பெண் மக்களும் பயனுள்ள கல்வியைத் தேடிப் பெற எல்லாம் வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.